குப்பைக்குப் போன நல்ல கடிதம்

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ், கிரிக்கெட் டீம் எல்லாம் போன மலர்லயே வந்தாச்சு சார், உங்க தொழில் சம்பந்தமா ஏதாவது எழுதுங்க" என்றார்கள். நான் படித்தது இயற்பியல். ஆனால் பிழைத்தது மின்னஞ்சலால். 1997 முதல் ஓய்வு பெறும்வரை சென்னையில் ஒரு நிறுவனத்தின் அஞ்சல் சர்வரைக் கட்டி மேய்த்தேன். அந்த வேலையில் பாதி, வருகிற கடிதத்தைச் சேர்ப்பது. மீதிப் பாதி, வரக்கூடாத கடிதத்தைத் தடுப்பது. அந்த இரண்டாம் பாதியின் வரலாற்றைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

சென்ற சந்திப்புக்கு நான்தான் செயலாளர். நமக்கு வேதியியல் நடத்திய சாரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எண்பது வயதைத் தாண்டியவர், ஊரோடு இருக்கிறார். அழைப்பு அனுப்பினோம், பதில் இல்லை. "சாருக்கு முடியல போலிருக்கு" என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து, சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில் வேறு எதையோ தேடப் போய், ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டியைத் திறந்தேன். லாட்டரி, எடைக் குறைப்பு, வங்கிக் கணக்கு முடக்கம் இவற்றுக்கு நடுவே சாருடைய கையெழுத்து. வெள்ளைத் தாளில் மையால் எழுதியதைப் பேரன் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். காலை 9 மணி பஸ்ஸில் வருவதாகவும், முழங்கால் வலி இருப்பதால் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பையனை அனுப்பினால் போதும் என்றும் எழுதியிருந்தார். போன் செய்து கேட்டேன். வந்திருக்கிறார். 11 மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். "பரவாயில்லப்பா, வேலை இருந்திருக்கும்" என்றார்.

இருபது வருஷத்துக்கு மேல் வடிகட்டியோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது இரட்டை அவமானம். சாரின் கடிதம் ஏன் அங்கே போனது என்று தேட ஆரம்பித்தேன். தேடினால், கதை என்னை விட ரொம்ப மூத்தது.

குப்பைக் கடிதம் என்ற பிரச்சினையை முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஜான் போஸ்டெல். இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்தவர்களில் முக்கியமானவர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடிய ஆர்பாநெட் என்ற ஆராய்ச்சி வலையில், வேண்டாத கணினியிடமிருந்து வரும் செய்தியை மட்டும் ஏற்காமல் விட வழியே இல்லை என்று 1975 நவம்பரில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கல்யாண வீட்டில் இன்னும் பந்தியே போடவில்லை, இவர் எச்சில் இலையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்!

பந்தி 1978 மே மாதம் ஆரம்பித்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், கலிஃபோர்னியாவில் நடக்கவிருந்த புதுக் கணினி விளக்கக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். வலையில் இருப்பவர்களின் முகவரிகள் அப்போது அச்சிட்ட புத்தகமாகவே கிடைத்தன. அதிலிருந்து சுமார் 400 முகவரிகளை எடுத்து எல்லாருக்கும் ஒரே கடிதம் போட்டார். பெறுநர் முகவரிகள் அவற்றுக்கான இடத்தில் கொள்ளாமல் கடிதத்தின் உடம்புக்குள் வழிந்தன. கண்டனம் குவிந்தது. ஆனால் கூட்டத்துக்கு ஆட்களும் வந்தார்கள், கணினியும் விற்றது. ஒரு கடிதத்துக்கும் 400 கடிதத்துக்கும் அனுப்புகிறவனுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றே என்ற ரகசியம் அன்று வெளிப்பட்டது. தபால் நோட்டீஸ் என்றால் தலைக்கொரு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். இங்கே ஸ்டாம்பே கிடையாது.

1982இல் எஸ்.எம்.டி.பி. என்ற அஞ்சல் விதிமுறையை அதே போஸ்டெல் வெளியிட்டார். இன்றும் மின்னஞ்சல் ஓடுவது அதன் வழிவந்த விதிகளில்தான். அதில், அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் இயந்திரம் கேள்வி கேட்காது. இன்லண்ட் லெட்டரின் முதுகில் யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே மாதிரி. அன்று வலையில் இருந்தது சில நூறு ஆராய்ச்சிக்கூடங்கள், ஒருவரையொருவர் தெரியும். நம்பிக்கையில் கட்டினார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் கல்லூரியிலும் அந்தக் காலத்தில் லேப் அலமாரிக்குப் பூட்டு கிடையாது.

'ஸ்பாம்' என்ற பெயருக்கு ஒரு வேடிக்கைக் கதை. அமெரிக்காவில் ஹார்மெல் நிறுவனம் 1937 முதல் விற்கும் டின் இறைச்சியின் பெயர் அது. 1970இல் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒரு டி.வி. காட்சியில் நடித்தது. அதில் ஓட்டலில் எந்தப் பலகாரம் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும், பக்கத்து மேஜைக்காரர்கள் வேறு அதையே பாடிப் பாடி மற்றவர் பேச்சை அமுக்குவார்கள். பேச்சை அமுக்கும் கூச்சலுக்கு அந்தப் பெயர் கணினிக்காரர்களிடையே ஒட்டிக்கொண்டது.

பெயரை உலகறியச் செய்தது ஒரு வக்கீல் தம்பதி. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல். 1994 ஏப்ரல் 12 அன்று, யூஸ்நெட் என்ற பொது விவாத வலையின் 5,500க்கும் மேற்பட்ட குழுக்களில், கிரீன் கார்டு குலுக்கலுக்கு நாங்கள் விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். (கிரீன் கார்டு என்றதும் நம் சங்கத்தின் அமெரிக்கக் கிளை நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.) உலகமே திட்டியது. அவர்களோ மன்னிப்புக் கேட்கவில்லை, இப்படிச் சம்பாதிப்பது எப்படி என்று அதே ஆண்டு புத்தகம் போட்டார்கள். 1997இல் டென்னசி மாநிலம் கேன்டரின் வக்கீல் உரிமத்தைப் பறித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று. ஆனால் கதவு திறந்துவிட்டது. விளம்பரம் வந்த அடுத்த வருஷமே, 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. நாம் உள்ளே நுழைந்தபோது வாசலில் குப்பை ஏற்கெனவே கொட்டிக் கிடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1997இல்தான் முதல் பெரிய தடுப்புச் சுவர் எழும்பியது. பால் விக்ஸி என்பவர் கலிஃபோர்னியாவில் ஒரு கறுப்புப் பட்டியல் ஆரம்பித்தார். அமைப்பின் பெயர் மாப்ஸ். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ஸ்பாம். குப்பை அனுப்பும் கணினிகளின் எண்களை ஒரு பட்டியலில் வைப்பார்கள். ஒரு கணினி நம் சர்வரின் கதவைத் தட்டினால், நம் சர்வர் அந்த எண்ணைத் தலைகீழாக எழுதிப் பட்டியலிடம் விசாரிக்கும். 127.0.0.2 என்று பதில் வந்தால் ஆசாமி பட்டியலில் இருக்கிறார், கதவைச் சாத்து. கேள்வியும் பதிலும் கண் இமைக்கும் நேரம்தான். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் லண்டனில் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் பட்டியல் இன்றும் நடக்கிறது.

இந்தச் சுவரில் நானே முட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் பல சர்வர்கள் யார் கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்தும். நல்லெண்ணம்தான். பெரும்பாலோர் பயன்படுத்திய சென்ட்மெயில் என்ற மென்பொருளில் 1998இல் வந்த 8.9ஆம் பதிப்புதான் அந்த வழக்கத்தைத் தானாகவே நிறுத்தியது. நான் பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்தேன். எவனோ ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் சர்வர் வழியே குப்பையை உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டான். விடிந்ததும் நாங்கள் பட்டியலில். எங்கள் நிறுவனத்தின் நல்ல கடிதங்கள் மூன்று நாள் எங்குமே போகவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதை மலரில் அச்சிட முடியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பட்டியல் பார்ப்பது கடிதத்தை அல்ல, தெருவை என்று. ஒரு வீட்டில் திருடன் இருந்தால் தெருவுக்கே தபால் இல்லை.

சரி, கடிதத்தையே படித்துப் பார்த்து முடிவு செய்வோம் என்று இறங்கினேன். கடன் என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தால் குப்பை என்று ஒரு விதி எழுதினேன். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் கணக்குப் பிரிவு அம்மா வந்து, "தம்பி, பேங்க்லேருந்து வர்ற லெட்டர் ஒண்ணையும் காணோமே" என்றார். விதியை எடுத்தேன், குப்பை திரும்பி வந்தது.

என்னைப் போல உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதே தலைவலியில் இருந்தார்கள். 2001இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாம்அசாசின் என்ற இலவச மென்பொருள் ஒரு நல்ல நடுவழி கண்டது. ஒரு குற்றத்துக்காக யாரையும் தூக்கில் போடாதே, மதிப்பெண் போடு. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தா, கொஞ்சம். கறுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, இன்னும் கொஞ்சம். கூட்டி 5 வந்தால் குப்பை. நம் இன்டர்னல் மார்க் மாதிரிதான்.

ஆனால் மதிப்பெண்ணை யார் நிர்ணயிப்பது? அதற்குப் பதில் 18ஆம் நூற்றாண்டில் இருந்தது. இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேயஸ் 1761இல் இறந்தார். நிகழ்தகவு பற்றிய அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளிக்கொண்டுவந்தார். 1998இல் மெஹ்ரான் சஹாமி, சூசன் டூமே, டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹார்விட்ஸ் ஆகிய நால்வர் இதைக் குப்பை அஞ்சலுக்குப் பொருத்தினார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரைதான் இதை எங்களைப் போன்றவர்களின் கைக்குக் கொண்டுவந்தது.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஆயிரம் குப்பைக் கடிதம், ஆயிரம் நல்ல கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 'கடன்' என்ற சொல் குப்பையில் 300 கடிதங்களிலும், நல்லதில் 20 கடிதங்களிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'கடன்' உள்ள 320 கடிதங்களில் 300 குப்பை. சந்தேகம் சுமார் 94 சதவீதம். என் முட்டாள் விதி இதோடு நின்றுவிட்டது. பேயஸ் நிற்கமாட்டார். 'செய்முறைத் தேர்வு' என்ற தொடர் நல்லதில் 50 கடிதங்களிலும் குப்பையில் ஒன்றிலும் வருகிறது என்றால், அதன் சந்தேகம் 2 சதவீதம். இரண்டும் ஒரே கடிதத்தில் வந்தால்? முதல் சொல் சந்தேகத்தை 15 மடங்கு கூட்டுகிறது, இரண்டாவது 50 மடங்கு குறைக்கிறது. கழித்துப் பார்த்தால் சந்தேகம் 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடிதம் பிழைத்தது. கெட்ட சொல் எதிர்சாட்சி, நல்ல சொல் ஆதரவு சாட்சி. இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு. சொற்கள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்று இதில் பாவிக்கிறோம், அது உண்மையல்ல. கணிதத் துறை நண்பர்கள் மன்னிக்கவும், தப்பான அனுமானம்தான், வேலை செய்கிறது!

எந்தச் சொல் கெட்டது என்று மனிதன் சொல்ல வேண்டியதில்லை என்பது இதில் பெரிய லாபம். கிரஹாமின் வடிகட்டி தானாகக் கண்டுபிடித்த கெட்ட சொற்களில் ஒன்று ff0000. கணினியில் பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கான குறியீடு. ஆபாசச் சொற்களுக்கு இணையாக அது குப்பையைக் காட்டிக்கொடுத்தது. சிவப்பு எழுத்தில் கத்துகிறவன் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவன். இதை எந்த மனிதனும் விதியாக எழுதியிருக்கமாட்டான்.

இவர்கள் எல்லாரிடமும் ஒரே பயத்தைப் பார்க்கிறேன். சஹாமி குழுவினர், 99.9 சதவீதம் நிச்சயமானால்தான் குப்பை என்று சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். கிரஹாம் நல்ல கடிதங்களில் வரும் சொல்லை இரண்டு முறை எண்ணினார், வேண்டுமென்றே ஒரு பக்கச் சார்பு. ஆயிரம் குப்பையில் 5க்கும் குறைவாகத்தான் தப்பியது என்பதைவிட, நல்ல கடிதம் ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதில்தான் அவருக்குப் பெருமை. குப்பை ஒன்று உள்ளே வந்தால் ஒரு விநாடி எரிச்சல். நல்லது ஒன்று தொலைந்தால், தொலைந்தது என்பதே தெரியாது. அந்தக் குப்பைப் பெட்டியே இந்தப் பயத்தில் பிறந்ததுதான். கொடுக்கவும் மனமில்லை, கிழிக்கவும் மனமில்லை, ஓரமாக வைத்திரு என்று. பல சேவைகளில் 30 நாள் கழித்து அது தானே கிழித்துவிடும். சாரின் கடிதத்தை நான் பார்த்தபோது இன்னும் சில நாள்தான் பாக்கி.

இதற்குள் ஆபத்தும் வேறு மாதிரி ஆகியிருந்தது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸில் கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், தெரிந்தவர்களின் முகவரியிலிருந்தே காதல் கடிதமாக வந்தது. இணைப்பைத் திறந்தால் அடுத்து உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களுக்குப் போகும். எங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதுக்காரர்கூடத் திறந்துவிட்டார், பாவம். சர்வரை அன்று முழுக்க நிறுத்திவைத்தேன். அப்புறம் வங்கி போல வேஷம் போட்டுக் கடவுச்சொல்லைப் பிடுங்கும் கடிதங்கள். எரிச்சலை விலக்குவது என்ற நிலைமை போய், வீட்டைக் காப்பது என்றாகிவிட்டது வடிகட்டியின் வேலை. இணைப்பில் வைரஸ் இருக்கிறதா, உள்ளே உள்ள சுட்டி எங்கே போகிறது என்றெல்லாம் அது பார்க்க வேண்டியதாயிற்று.

2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ், இரண்டே வருஷத்தில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். தீரவில்லை. சொற்களைப் படிக்கிறாயா, சொல்லே இல்லாமல் அனுப்புகிறேன் என்று 2006 வாக்கில் குப்பைக்காரர்கள் செய்தியை முழுவதும் படமாக்கி அனுப்பினார்கள். பேயஸ் என்ன செய்வார், எண்ணுவதற்குச் சொல் வேண்டாமா? ஆகவே வடிகட்டிகள் எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள கடிதத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டன.

சாரின் கடிதத்தை இப்போது பாருங்கள். படம் மட்டும். தலைப்புக் கிடையாது. எழுத்து ஒன்றுகூட இல்லை. அன்று காலைதான் பேரன் தொடங்கிய புத்தம் புது முகவரி. அந்த முகவரியோடு நாங்கள் முன்பு பேசியதே இல்லை. நாற்பது வருஷம் நமக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்த கை, ஒரு வரிகூடத் தப்பில்லாமல் எழுதிய கடிதம். வடிகட்டிக்கு அது ஒரு ஜேபெக் கோப்பு. அதன் இடத்தில் நான் உட்கார்ந்து விதி எழுதியிருந்தாலும் அதே பெட்டியில்தான் போட்டிருப்பேன். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

வடிகட்டி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மெக்கோலோ என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தபோது, உலகின் குப்பை அஞ்சலே மூன்றில் இரண்டு பங்கு வரை சட்டென்று விழுந்ததாகக் கணக்கிட்டார்கள். அவ்வளவு குப்பைக்கு அணையில்லாமல் எந்த ஊரும் தாங்காது. சில மாதங்களில் அது வேறு வழியாகத் திரும்பியும் வந்துவிட்டது. 2015இல் கூகுள் தன் ஜிமெயிலில் நல்ல கடிதம் தவறாகக் குப்பைக்குப் போவது 0.05 சதவீதத்துக்கும் குறைவு என்று அறிவித்தது. சும்மா சொல்லக்கூடாது, அபாரமான சாதனை. ஆனால் அந்த அளவு துல்லியத்திலும் 10,000 நல்ல கடிதத்துக்கு ஐந்து வரை போகலாம். அந்த ஐந்தை யார் எழுதினார்கள் என்று சதவீதம் சொல்லாது.

போஸ்டெல் காலத்து ஓட்டையையும் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். எஸ்.பி.எஃப். என்றால் எங்கள் பெயரில் கடிதம் போட இன்னின்ன சர்வர்களுக்கே உரிமை என்று முன்கூட்டியே ஊரறிய எழுதி வைப்பது. டி.கே.ஐ.எம். என்றால் அரக்கு முத்திரை, நடுவழியில் யாராவது திருத்தினால் உடைந்துவிடும். டிமார்க் என்றால் இவை பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்ற உத்தரவு. 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் கடிதம் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், குப்பை என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் நிபந்தனை போட்டன.

நம் சங்கம் அத்தனை பெரிய ஆள் இல்லை. இருந்தாலும் இந்த முறை மூன்றையும் செய்துவிட்டோம். மூன்றாம் ஆண்டு கணினித் துறை மாணவிகள் இருவர் ஒரே மதியத்தில் முடித்தார்கள். நான் 1997இல் ஒரு மாதம் எடுத்திருப்பேன். ஒரு விண்ணப்பம் மட்டும். கட்டட நிதிக்கு நன்கொடை கேட்டு எழுதியபோது, நம்மவர்களில் சில புண்ணியவான்கள் 'குப்பை' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பணம் தர வேண்டாம் ஐயா, பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும், பக்கத்து வீட்டு நண்பருக்குப் போகிற நம் அழைப்பு ஒரு படி கீழே இறங்குகிறது.

சாரின் கடிதத்தைத் திறந்து 'குப்பை அல்ல' என்று அழுத்தினேன். அது உள்பெட்டிக்கு வந்து, இரண்டு வாரம் பழைய தேதியோடு கீழே போய் உட்கார்ந்துகொண்டது. இந்த ஆண்டு அழைப்பை நானே போனில் சொன்னேன். "லெட்டர்ல எழுதி அனுப்பட்டுமாப்பா?" என்றார். "அனுப்புங்க சார், பேரன்கிட்ட ரெண்டு வரி டைப்பும் பண்ணச் சொல்லுங்க" என்றேன். நேற்று வந்துவிட்டது, உள்பெட்டிக்கே. அதே 9 மணி பஸ்தான். அந்த மாணவிகள் இருவரும் எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டில் இருப்பார்கள், ஆட்டோவும் சொல்லியாகிவிட்டது.